வேலைக்குப் போய்க்கிட்டே சாட்டிலைட் கம்யூனிகேஷன் படிக்கிறது: ராமநாதபுரம் கடலோரத்துல அடிக்கடி கேக்குற கேள்விகள்

இது யாருக்கு? இன்ஜினியரிங் படிச்சிருக்கணுமா?

வேண்டியதில்ல. வீடு வீடா டிஷ் மாட்டுறவங்க, ஏடிஎம், பெட்ரோல் பங்க் விசாட்டுக்கு (சாட்டிலைட் வழியா டேட்டா அனுப்பி வாங்குற சின்ன டிஷ்) கால் வந்தா பைக்க எடுத்துக்கிட்டு ஓடுறவங்க, செல்போன் டவர்ல வேலை பாக்குறவங்க, மண்டபம் பாம்பன் பக்கம் படகுக்கு ஜிபிஎஸ்ஸும் ஆழம் பாக்குற எக்கோ சவுண்டரும் மாட்டிக் குடுக்குறவங்க, கப்பல்ல எலக்ட்ரிக்கல் பக்கம் இருக்குற கீழக்கரைப் பசங்க, இவங்கதான் என்கிட்ட அதிகமா கேக்குறது. இவங்க எல்லாருக்கும் கை வேலை தெரியும், ஆனா மாட்டுறது ஏன் வேலை செய்யுது, ஏன் சில நாள் செய்யமாட்டேங்குதுன்னு கேட்டா சொல்லத் தெரியாது. அந்த இடைவெளிய நிரப்பத்தான் இது.

கணக்கெல்லாம் மறந்தே போச்சு அண்ணே, முடியுமா?

லாக் ஒண்ணு மட்டும் வேணும் தம்பி, அதுவும் போன் கால்குலேட்டர்ல இருக்கு. மொதல்ல டெசிபல் பழகுங்க, எத்தன மடங்குங்கிறத லாக்ல சொல்றதுதான் அது, சுருக்கமா டிபி. இதுல அவசரப்படாதீங்க. ரெண்டு மடங்குன்னா 3 டிபி, பத்து மடங்குன்னா 10 டிபி, நூறு மடங்குன்னா 20 டிபி, பாதியா கொறஞ்சா மைனஸ் 3. இத வச்சே 4 மடங்கு 6 டிபி, 8 மடங்கு 9 டிபின்னு மனசுலயே போட்டுறலாம். அப்பறம் 1 வாட்டுங்கிறது 0 டிபிடபிள்யூ, அதே 1 வாட்டு 30 டிபிஎம். ஒரு விசாட் டிரான்ஸ்மிட்டர்ல 2 வாட்டுன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா 3 டிபிடபிள்யூ, இல்ல 33 டிபிஎம். பெருக்கல் வகுத்தல் எல்லாம் கூட்டல் கழித்தலா மாறிப்போறதுதான் இதுல உள்ள வசதி, வேற ஒரு பயமும் கிடையாது.

எதுல இருந்து ஆரம்பிக்கணும்? எல்லா கோர்ஸும் கெப்ளர் விதியில ஆரம்பிக்குது, ரெண்டாவது வாரத்துலயே தூக்கம் வந்துருது.

வரத்தான் செய்யும், பகல் பூரா வெயில்ல அலைஞ்சுட்டு வந்து நைட்டு நீள்வட்டப் பாதை படிச்சா யாருக்குத்தான் வராது. என் கருத்து இதுதான்: வேலைக்குப் போறவன் லிங்க் பட்ஜெட்ல ஆரம்பிக்கணும். சாட்டிலைட்ல இருந்து வீட்டு டிஷ் வரைக்கும் சிக்னல் எங்க எம்புட்டு கூடுது எங்க எம்புட்டு கொறையுதுன்னு ஒரே ஒரு லிங்க்க முழுசா போட்டுப் பாத்துட்டா, ஆர்பிட், ஆன்டெனா, நாய்ஸ், மாடுலேஷன் எல்லாமே அந்தக் கணக்குல ஒவ்வொரு வரியா வந்து உக்காந்துரும், அப்பறம் எது புரியலையோ அத மட்டும் போய் படிச்சுக்கலாம்.

இப்ப ஒண்ணு போடுவோம். சாட்டிலைட் 83 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில நிக்குது, பூமத்திய ரேகைக்கு மேல 35,786 கிலோமீட்டர் உயரம். ராமநாதபுரத்துல இருந்து நேர்கோட்டுல ஏறக்குறைய 35,900 கிலோமீட்டர். அனுப்புற பவர் அதோட ஆன்டெனா கெயினையும் சேத்து 52 டிபிடபிள்யூன்னு உதாரணத்துக்கு வச்சுக்குங்க. 12 ஜிகாஹெர்ட்ஸ்ல அந்த தூரத்துக்கு சிக்னல் பரவி விரியிறதால வர்ற இழப்பு 205 டிபி. இதுக்கு ஃபார்முலா சின்னதுதான்: 92.45, அதோட கிலோமீட்டர் தூரத்தோட லாக்க 20ஆல பெருக்கிக் கூட்டுங்க, ஜிகாஹெர்ட்ஸோட லாக்கையும் 20ஆல பெருக்கிக் கூட்டுங்க. ஆக 52ல 205 போனா மைனஸ் 153.

இப்ப நம்ம மாடி டிஷ். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷுக்கு 12 ஜிகாஹெர்ட்ஸ்ல கெயின் 35 டிபி சுமாரா வரும், அப்ப மைனஸ் 118. டிஷ்ஷும், அதுக்கு முன்னாடி நின்னு சிக்னல வாங்குற எல்என்பியும் சேந்து போடுற நாய்ஸ் (இத வெப்பநிலையாத்தான் அளப்பாங்க) 100 கெல்வின்னு வச்சா அது 20 டிபி, மைனஸ் 138. அந்த வெப்பநிலைய நாய்ஸ் பவரா மாத்துற போல்ட்ஸ்மன் மாறிலிக்கு 228.6 கூட்டுங்க, 90.6. கடைசியா சிக்னல் எம்புட்டு அகலமோ அதக் கழிக்கணும், செகண்டுக்கு 2 கோடியே 75 லட்சம் சிம்பல்னா 74.4. மிச்சம் 16.2 டிபி. இதுதான் சிக்னலுக்கும் நாய்ஸுக்கும் உள்ள விகிதம்.

டிவிபி எஸ்2ங்கிற சாட்டிலைட் டிவி முறையில 8பிஎஸ்கே (ஒரு சிம்பல்ல 3 பிட் ஏத்துற மாடுலேஷன்), 3/4 கோடிங் (நாலு பிட்டுல மூணு தகவல், ஒண்ணு பிழை திருத்த) ஓடணும்னா ஏறக்குறைய 8 டிபி போதும். அப்ப உங்க கையில மிச்சம் 8 டிபி இருக்கு, மழைக்கும், டிஷ் கொஞ்சம் திரும்பிப் போனதுக்கும், பக்கத்து சாட்டிலைட் தொந்தரவுக்கும், கனெக்டர் துருவுக்கும் எல்லாத்துக்கும் சேத்து அவ்வளவுதான். இந்த ஒரு கணக்க பேப்பர்ல நீங்களே டிஷ் சைஸ மாத்தி, தூரத்த மாத்தி, ஃப்ரீக்வென்சிய மாத்தி திரும்பத் திரும்ப போடுங்க. டிஷ்ஷ 1.2 மீட்டர் ஆக்குனா 6 டிபி கூடும், ஏன்னு யோசிங்க.

நம்ம ஊர்ல டிஷ் மட்டும் ஏன் வானத்தப் பாத்து படுத்துக் கிடக்கு?

நல்ல கேள்வி, இத யாரும் கேக்க மாட்டேங்குறாங்க. நம்ம 9 டிகிரி வடக்குல இருக்கோம், பூமத்திய ரேகைக்கு ரொம்பப் பக்கம், அதனால 83 டிகிரி சாட்டிலைட் நமக்கு கிட்டத்தட்ட தலைக்கு மேலதான், எலிவேஷன் (தரையில இருந்து நிமிர்ற கோணம்) 78 டிகிரி. டில்லியில அதே சாட்டிலைட் 56. எல்என்பி கீழ்ப்பக்கமா தள்ளி நிக்கிற ஆஃப்செட் டிஷ் பாக்குற திசை அதோட முகத்தவிட இருபத்தி சொச்சம் டிகிரி மேல இருக்கும்கிறதால அங்க ஓரளவுக்கு நிமிந்து நிக்கிற டிஷ் இங்க மல்லாந்துரும். அதனால தூசி, காக்கா எச்சம், மழைத்தண்ணி எல்லாம் இங்க அதிகமா மேலயே தங்கும்.

இதுல இன்னொரு வேடிக்கை இருக்கு. 83 டிகிரிக்கும் 93.5 டிகிரிக்கும் வானத்துல பத்தரை டிகிரிதான் வித்தியாசம். ஆனா ராமநாதபுரத்துல 83க்கு அசிமத் (வடக்குல இருந்து சுத்துற திசைக் கோணம்) 156 டிகிரி, 93.5க்கு 122. கம்பத்துல டிஷ்ஷ 34 டிகிரி சுத்தணும்! தலைக்கு மேல இருக்குற பொருள் கொஞ்சம் நகந்தாலே திசை நெறைய மாறும், அதான் காரணம். வடக்க டிரெய்னிங் எடுத்துட்டு வந்த பசங்க 83ல இருக்குற டாடா பிளே டிஷ்ஷ 93.5ல இருக்குற டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்குத் திருப்பும்போது கொஞ்சமா தட்டித் தட்டிப் பாத்துட்டு சிக்னலே இல்லன்னு நிப்பாங்க. எலிவேஷனும் 78ல இருந்து 70க்கு எறங்கும்.

கடல் காத்து உண்மையிலேயே அவ்வளவு கெடுக்குமா, இல்ல கம்பெனிக்காரன் சொல்ற சாக்கா?

உண்மைதான். பாம்பன்லயோ தனுஷ்கோடி ரோட்டுலயோ இருக்குற ஒரு டிஷ்ஷோட எஃப் கனெக்டர கழட்டிப் பாருங்க. நடுக் கம்பி பச்சை பூத்திருக்கும், சில சமயம் கம்பியே கரைஞ்சு ஊசி மொனை மாதிரி ஆகியிருக்கும், கவசப் பின்னல் கறுத்து தொட்டா உதிரும். உப்புத்தண்ணி மட்டும் இதுக்குக் காரணமில்ல. அதே கேபிள்ல எல்என்பிக்கு 13 இல்ல 18 வோல்ட் டிசி போகுது, ஈரம் இருக்குற எடத்துல டிசி போனா அரிப்பு பல மடங்கு வேகமா நடக்கும். இதனால எல்என்பிக்கு வோல்டேஜ் கொறையும், 18 வோல்ட் கேக்குற ஹரிஜான்டல் சேனல் மட்டும் போகும், வெர்டிகல் நல்லா வரும். வீட்டுக்காரர் பாதி சேனல் வரலன்னு சொன்னா செட்டாப் பாக்ஸ கொற சொல்லாம மல்டிமீட்டர எடுத்து எல்என்பி முனையில வோல்டேஜ் பாருங்க. தண்ணி புகாத தன்னொட்டு ரப்பர் டேப்ப சுத்தி, கேபிள் கனெக்டருக்கு வர்றதுக்கு முன்னாடி கீழ ஒரு வளைவு விட்டா தண்ணி அங்கயே சொட்டிரும். இன்சுலேஷன் டேப்ப சுத்திட்டு வர்றது வேலையே இல்ல.

மழை வந்தா ஏன் போயிருது? ஐப்பசி கார்த்திகையில ஏடிஎம் கால் தாங்க முடியல.

வீட்டு டிஷ் ஓடுற 12 ஜிகாஹெர்ட்ஸ் பக்கத்தத்தான் கேயூ பேண்ட்னு சொல்றது, அதுல அலைநீளம் ரெண்டு சொச்சம் சென்டிமீட்டர்தான், பெரிய மழைத்துளி அத உறிஞ்சும், செதறடிக்கும். அதவிட உயர்ந்த ஃப்ரீக்வென்சியான கேஏ பேண்ட்ல இன்னும் மோசம், தாழ்ந்த சி பேண்ட்ல ரொம்பக் கம்மி. அதனாலதான் முக்கியமான லிங்க்குக்கு பெரிய டிஷ் போட்டு சி பேண்ட்ல வச்சிருப்பாங்க. இதுவரைக்கும் எல்லாருக்கும் தெரியும். தெரியாதது என்னன்னா மழை ரெண்டு பக்கம் அடிக்குது. சிக்னலக் கொறைக்கிறது ஒண்ணு, மழையே சூடான பொருள்ங்கிறதால தானும் நாய்ஸ் கெளப்புறது இன்னொண்ணு. மேல போட்ட கணக்குல நாய்ஸ் 100 கெல்வின். மழை 3 டிபி கொறைச்சா அதே மழை கிட்டத்தட்ட 140 கெல்வின் நாய்ஸையும் சேக்கும், மொத்தத்துல 6 டிபிக்கு மேல போயிரும். கையில இருந்தது 8, அதுல 6 போச்சு, இதுக்கு மேல மழை வலுத்தா ஸ்க்ரீன் கட்டம் கட்டமா நிக்கத்தான் செய்யும்.

விசாட் மோடம்ல மாடுலேஷன தானா கீழ எறக்குற ஏற்பாடு இருக்கும். 8 டிபி கேக்குற 8பிஎஸ்கேல இருந்து கியூபிஎஸ்கே 1/2க்கு (ஒரு சிம்பல்ல 2 பிட், அதுல பாதி பிழை திருத்த) எறங்குனா 1 டிபி இருந்தாலே ஓடும், ஸ்பீடு போகும், லிங்க் இருக்கும். ஏடிஎம்முக்கு அது போதும். மழை நேரத்துல ஸ்லோவா இருக்குன்னு கால் வந்தா ஒண்ணும் பண்ண வேணாம், அது சரியாத்தான் வேலை செய்யுது.

மழையே இல்ல, பட்டப்பகல்ல கொஞ்ச நேரம் மட்டும் போய்ட்டு வருதே?

மார்ச் நடுவுலயும் செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்துலயுமா? அது சன் அவுட்டேஜ். சூரியன் சாட்டிலைட்டுக்கு நேர் பின்னால வந்து நிக்கும், டிஷ் சூரியனையும் சேத்துப் பாக்கும், நாய்ஸ் ஏறிரும். சில நாள் தொடர்ந்து, ஏறக்குறைய அதே நேரத்துல, சில நிமிஷம். ஒண்ணையும் கழட்டாதீங்க. மல்லாந்த டிஷ்ஷுல எல்என்பி நெழல் எங்க விழுதுன்னு பாத்தாலே தெரிஞ்சிரும்.

டிஷ்ஷ பாயிண்ட் பண்ணிட்டேன், சிக்னல் நல்லா இருக்கு, ஆனா என்ஓசி (நெட்வொர்க் கட்டுப்பாட்டு மையம்) கிராஸ் போல் சரியில்லன்னு ஆன் பண்ண விடமாட்டேங்குறாங்க. என்னதான் வேணும் அவங்களுக்கு?

டிடிஎச் டிஷ் வாங்க மட்டும்தான் செய்யும், தப்பா வச்சா உங்களுக்குத்தான் நஷ்டம். விசாட் அனுப்பவும் செய்யும், தப்பா வச்சா அடுத்தவனோட டிரான்ஸ்பாண்டருக்குள்ள (சாட்டிலைட்ல சிக்னல வாங்கித் திருப்பி அனுப்புற பாகம்) போய் அவன் வேலையக் கெடுக்கும். ஒரே ஃப்ரீக்வென்சிய ஹரிஜான்டல்ல ஒருத்தருக்கும் வெர்டிகல்ல ஒருத்தருக்கும் குடுத்திருப்பாங்க. டிஷ் முன்னாடி இருக்குற உங்க ஃபீட் கொஞ்சம் சாஞ்சு இருந்தா உங்க சிக்னல்ல ஒரு பங்கு மத்தவர் பக்கம் கசியும், இதுதான் கிராஸ் போல். அதனால மாடுலேஷன் இல்லாத ஒத்தக் கேரியர் போடச் சொல்லி, ரெண்டு போலரைசேஷன்லயும் அளந்து, வித்தியாசம் 30 டிபி பக்கத்துல இருக்கான்னு பாப்பாங்க. 30 டிபின்னா ஆயிரத்துல ஒரு பங்குதான் கசியுதுன்னு அர்த்தம். ஃபீட்ட மயிரிழை மயிரிழையா திருப்பணும், ஒவ்வொரு திருப்பலுக்கும் போன்ல என்ஓசி சொல்ற நம்பரக் கேக்கணும், வெயில்ல உயிர் போகும், ஆனா இதுல குறுக்கு வழி கிடையாது. அசிமத் சரியா உச்சத்துல இல்லாம ஃபீட்ட மட்டும் திருப்பிக்கிட்டு இருந்தா நாள் பூரா நம்பர் ஏறாது, அதனால மொதல்ல பாயிண்டிங்க முடிச்சுட்டு அப்பறம் ஃபீடு.

ஸ்டார்லிங்க் வந்தாச்சுன்னா இதெல்லாம் படிச்சு என்ன பிரயோஜனம்?

அதுவும் இதே கணக்குதான். மேல நிக்கிற சாட்டிலைட்டுக்குப் போய் எறங்கவே 0.24 செகண்ட், கேள்வி போய் பதில் வர அரை செகண்ட், அதுக்கு மேல மோடம் வேல. வீடியோ கால்ல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசி முட்டிக்கிறது அதனாலதான். ஸ்டார்லிங்க் 550 கிலோமீட்டர் பக்கம் பறக்குது, ஏறி எறங்க 4 மில்லிசெகண்ட் கூட ஆகாது. ஆனா அது நிக்காது, நிமிஷக் கணக்குல தலைக்கு மேல கடந்து போயிரும், அதனால ஆயிரக்கணக்குல பறக்க விடணும், ஆன்டெனாவும் அசையாம மின்னணுவுலயே பீம திருப்பிக்கிட்டே இருக்கணும். அதே மாதிரி சேவையான ஒன்வெப் 1,200 கிலோமீட்டர்ல இருக்கு, அதுல 72 சாட்டிலைட்ட நம்ம எல்விஎம்3 ராக்கெட்தான் 2022லயும் 2023லயும் ரெண்டு தடவையா ஏத்திவிட்டுச்சு. ஸ்டார்லிங்குக்கு 2025ல இந்தியாவுல லைசென்ஸ் குடுத்தாங்க. எது வந்தாலும் மாட்டவும் பழுது பாக்கவும் ஆள் வேணும்ல.

படகுல இருக்குறது ஜிபிஎஸ்ஸா, சாட்டிலைட் போனா? ரெண்டும் ஒண்ணுதானே?

இல்ல, இத கடலுக்குப் போறவங்க கண்டிப்பா தெரிஞ்சுக்கணும். ஜிபிஎஸ் கேக்க மட்டும்தான் செய்யும். நாலு சாட்டிலைட்டோட நேரத்தக் கேட்டு நீங்க எங்க இருக்கீங்கன்னு உங்களுக்குச் சொல்லும், கரையில இருக்குற யாருக்கும் சொல்லாது. ஜிபிஎஸ் மாதிரியே நம்ம நாட்டு சாட்டிலைட்டுகளான நாவிக்கும் அப்படித்தான்.

ஆபத்துன்னா பட்டன் அமுக்குற கருவி வேற, அது இஸ்ரோ பண்ணுன டிஸ்ட்ரெஸ் அலர்ட் டிரான்ஸ்மிட்டர். 2010ல இருந்து பயன்பாட்டுல இருக்கு. தீ, மூழ்குது, உடம்பு சரியில்லன்னு எந்த ஆபத்துன்னும் படகு எங்க இருக்குன்னும் சாட்டிலைட் வழியா போகும், கட்டுப்பாட்டு மையம் பிரிச்சுப் பாத்து கடலோரக் காவல்படைக்கு அனுப்பும். பழசுல அனுப்பிட்டு போயிச்சா இல்லையான்னு தெரியாம உக்காந்திருக்கணும், ரெண்டாவது தலைமுறையில கெடைச்சிருச்சுன்னு பதில் திரும்பி வரும்.

இப்ப விசைப்படகுகள்ல மாட்டுற டிரான்ஸ்பாண்டர்ங்கிற கருவி ரெண்டு பக்கமும் செய்தி போற வகை, ப்ளூடூத்துல போனோட சேத்துக்கலாம். செல் டவர் எட்டாத எடத்துல இம்புட்டூண்டு பெட்டி 35,000 கிலோமீட்டர் மேல எப்படி எட்டுதுன்னு கேப்பீங்க. லிங்க் பட்ஜெட்தான் பதில்: 2015ல போன ஜிசாட் 6ல 6 மீட்டர் அகலத்துக்கு விரியிற ஆன்டெனா இருக்கு, பெரிய டிஷ்ஷ மேல வச்சுட்டதால கீழ சின்னது போதும், அதுவும் செய்தி ரொம்பச் சின்னது, அகலம் கொறைஞ்சா கழிக்க வேண்டிய டிபியும் கொறையும்.

சாட்டிலைட் போன்ல மட்டும் கவனம். அனுமதி இல்லாம தொரையா, இரிடியம் மாதிரி போன் வச்சிருந்தா கேஸு. வெளிநாட்டுல இருந்து வர்றவங்க ஞாபகப் பொருளாக்கூட வாங்கிட்டு வராதீங்க, நம்ம கடலோரம் எப்படிப்பட்ட எடம்னு சொல்லத் தேவையில்ல. வேணும்னா முறையா பிஎஸ்என்எல் வழியா அனுமதி வாங்கித்தான் வைக்கணும்.

வீட்டு மாடியில செஞ்சு பாக்க ஏதாவது இருக்கா?

இருக்கு. ஆர்டிஎல் எஸ்டிஆர்னு ரேடியோ சிக்னல கம்ப்யூட்டர்ல வாங்குற ஒரு யூஎஸ்பி டாங்கிள், ஒரு பழைய லேப்டாப், ரெண்டு அலுமினியக் கம்பி. கம்பி ஒவ்வொண்ணும் 53 சென்டிமீட்டர் சொச்சம், நடுவுல 120 டிகிரி விரிச்சு படுக்கவச்சா 137 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனா ரெடி. யூடியூப்ல பழைய வீடியோ எல்லாம் அமெரிக்காவோட வானிலை சாட்டிலைட் நோவா 15, 18, 19 புடிக்கச் சொல்லும், அதெல்லாம் 2025ல நிறுத்திட்டாங்க, மெனக்கெடாதீங்க. ரஷ்யாவோட மீட்டியோர் எம் சாட்டிலைட்டுகள் 137.9 மெகாஹெர்ட்ஸ்ல டிஜிட்டலா படம் அனுப்புது, அதப் பாருங்க. மன்னார் வளைகுடா, இலங்கை, மேல மேகம்னு வரிவரியா ஸ்க்ரீன்ல எறங்கும். சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேல போகும்போது, அது அனுப்புற சமயத்துல 145.8ல கேட்டா டாப்ளரும் (நகர்றதால ஃப்ரீக்வென்சி மாறுறது) நேர்ல தெரியும், வரும்போது 3 கிலோஹெர்ட்ஸ் மேல, போகும்போது 3 கீழ. எந்த ஃபார்முலாவும் இதுக்கு ஈடாகாது. கேக்குறதோட நிறுத்திக்குங்க, அனுப்பணும்னா ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் பரீட்சை எழுதணும்.

எந்த கோர்ஸ்? எந்த சர்டிஃபிகேட்டுக்கு மதிப்பு?

பாடத்துக்கு ஐஐடிக்காரங்க நடத்துற ஆன்லைன் என்பிடெல், வீடியோ இலவசம், பரீட்சைக்கு மட்டும் பணம். விசாட் மாட்டுற வேலைக்கு ஜிவிஎஃப்ங்கிற சாட்டிலைட் துறை அமைப்போட டிரெய்னிங்க வெளிநாட்டுக் கம்பெனிக்காரங்க கேப்பாங்க, ஆன்லைன்லயே பண்ணலாம். அதுக்கு மேல நீங்க தொடுற மோடம் எந்தக் கம்பெனியோ அந்தக் கம்பெனி கோர்ஸ். மதுரை, சென்னைன்னு ரூம் போட்டு தங்கி, பெருந்தொகை கட்டி, இஸ்ரோ வேலை வாங்கித் தர்றேன்னு சொல்ற எடத்துக்கு மட்டும் போகாதீங்க. இஸ்ரோ தன் அறிவிப்ப தானே வெளியிடும், யாரும் வாங்கித் தர முடியாது.

கலாம் ஐயா ஊர்க்காரங்க நாம, அதனால ராக்கெட் பத்தியும் படிக்கணுமா?

ஆசைக்குப் படிங்க, வேலைக்கு அது வேற பாடம். அவர் தலைமையில 1980ல ரோகிணிய ஏத்துனது எஸ்எல்வி 3, அது ஏவுகலம். நம்ம கம்யூனிகேஷன் பக்கத்துக்கு முன்னோடி அடுத்த வருஷம் போன ஆப்பிள்ங்கிற சாட்டிலைட், மாட்டு வண்டியில ஏத்தி டெஸ்ட்டுக்கு கொண்டுபோன போட்டோ இருக்குல்ல, அதான்.

ஷிஃப்ட் வேலை, நேரமே இல்ல. எப்பப் படிக்கிறது?

படகு எலக்ட்ரானிக்ஸ் பாக்குறவங்களுக்கு ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு எல்லாம் கரையில, கையும் பொருளும் ஒண்ணா கெடைக்கிற நேரம் அதுதான். விசாட் ஆளுங்களுக்கு வாடைக் காத்து மாசம் வேலைக்காவாது, மாசி பங்குனியில ஆரம்பிங்க. நைட் ஷிஃப்ட்ல வீடியோ பாத்துக்கிட்டே இருக்காதீங்க, ஏறாது. அன்னைக்கு பகல்ல போன சைட்டோட டிஷ் சைஸு, ஃப்ரீக்வென்சி, மோடம் காட்டுன சிக்னல் நாய்ஸ் நம்பர எழுதிட்டு வந்து அதுக்கு லிங்க் பட்ஜெட் போடுங்க. உங்க கணக்கு 13ன்னு சொல்லி மோடம் 9 காட்டுனா அந்த 4 டிபி எங்க போச்சுன்னு தேடிக்கிட்டு மறுநாள் ஸ்பேனரோட போங்க, பாதி நேரம் கனெக்டர்லதான் இருக்கும்.